ஆடாதோடை: இலையும் மூலக்கூறும்

எங்கள் வேலியோரம் ஆடாதோடை நின்றது. இருமல் என்றால் அம்மாயி நாலு இலை பறித்து, மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சித் தருவாள். 'சளி அறுத்துக்கிட்டு வந்துரும்டா' என்பாள். வந்தது. இன்று இருமல் சிரப் லேபிளில் 'அம்ப்ராக்ஸால்' என்று படிக்கும்போது அவளுடைய அடுப்புதான் நினைவுக்கு வருகிறது. இது வெறும் ஊர் ஏக்கம் அல்ல. இரண்டுக்கும் வம்சாவளித் தொடர்பு உண்டு.

உதகமண்டலத்தில் சிங்கோனாப் பட்டையை ஆராய அரசு அமர்த்தியிருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தார்: வாசிசின். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டு. அதை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் செயற்கையாக உருவான ப்ரோம்ஹெக்சின் 1960களில் சந்தைக்கு வந்தது. அது உடலுக்குள் மாறி உண்டாகும் பொருளே அம்ப்ராக்ஸால். கெட்டிச் சளியைப் பிணைத்திருக்கும் இழைகளை இவை சிதைக்கின்றன. சளி நீர்த்து வெளியேறுகிறது. அம்மாயியின் 'அறுத்துக்கிட்டு' இந்த விளக்கத்துக்கு வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அவள் சொன்னது 'நாட்டு வழக்கம்', ஹூப்பர் எழுதியது 'அறிவு' என்று பிரித்தது எது? இலையா, அதிகாரமா?

கேள்வியை இங்கேயே நிறுத்திக்கொள்வது சௌகரியம். 'எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்' என்று மார்தட்டலாம். என்னால் முடியவில்லை. காரணம் மாமா.

அம்மாயியின் மூத்த மகன். இருமல் விடாதபோது இரண்டு மாதம் கஷாயம் குடித்தார். சளி இளகி வந்தது. 'பரவால்ல, நெஞ்சு லேசா இருக்கு' என்றார். ரத்தம் கண்ட பிறகுதான் சளிப் பரிசோதனை, காசம். ஆறுமாத மாத்திரையில் பிழைத்தார். மூச்சு பழையபடி திரும்பவில்லை.

கஷாயம் பொய் சொல்லவில்லை. சளியை இளக்குவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. ப்ரோம்ஹெக்சினும் அம்ப்ராக்ஸாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1996இல் ஓர் ஆய்வு வந்தது, அது சோதனைக்குழாயில். சோதனைக்குழாய் நுரையீரல் ஆகாது. போதாததற்கு, வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும்; கர்ப்பிணிக்கு அதே இலை ஆபத்து. இயற்கை என்பதாலேயே எதுவும் சாது ஆகிவிடுவதில்லை.

ஆகவே இரண்டு மறதிகளோடும் எனக்குச் சண்டை: இலையை மறந்த லேபிளோடும், அளவையும் எல்லையையும் மறந்த பெருமிதத்தோடும். முதலாவது அம்மாயியின் பெயரை எடுத்துக்கொண்டது. இரண்டாவது அவள் மகனின் மூச்சில் பாதியை.