ஸ்ரீரங்கப்பட்டணத்து உபசாரம்

டம்ளரில் டீ ஆறுவதற்குள் ஒரு கேலிப்படத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம். மைசூரிலிருந்து பெங்களூரு போகிற வழியில் வருமே ஸ்ரீரங்கப்பட்டணம், அந்தக் கோட்டை மதில்மேல் திப்பு சுல்தான் நிற்கிறார். கீழே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கழுதையேறி ஓடுகிறார். திப்பு மேலிருந்து சிறுநீர் கழிக்கிறார். அழையா விருந்தாளிக்கு அபிஷேகம். பருவமழை வந்துவிட்டது என்று படத்துக்குத் தலைப்பு வேறு.

திப்புவின் ஆள் யாரோ வரைந்திருப்பார் என்றுதானே தோன்றும்? இல்லை. லண்டன்காரர் ஜேம்ஸ் கில்ரே. படத்தில் உள்ள தேதி 1791 டிசம்பர் 6.

அந்த வருஷம் மே மாதம் காரன்வாலிஸ் கோட்டைக்கு அருகே அரிகெரேயில் ஜெயித்தார். ஆனால் மழை முந்திக்கொண்டது. தானியம் இல்லை, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் படை பெங்களூருக்குத் திரும்பியது. மழையைக் காரணம் சொன்னது பொய்யில்லை. ஆனால் தோற்றவன் சொல்லும் காரணம் உண்மையாக இருந்தாலும் சிரிப்பு வருமே, கில்ரே அதைப் பிடித்துக்கொண்டார்.

இந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்சடிப்பார்கள். வண்ணம் கையால் பூசுவது. ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் கடையில் விற்பனை. வாங்கக் காசில்லாதவர்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் லண்டன்காரர்கள் என்பதால் அடி விழுவதும் பெரும்பாலும் அவர்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள்மேல்தான். முரட்டு மீசைக் கீழைநாட்டு ராஜா அதற்கு ஒரு வேஷம். திப்புவின் நிஜ முகம் கில்ரேக்குத் தேவைப்படவே இல்லை.

சீனாவுக்கும் அதே வேஷம்தான். மதராஸில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு சீனத்துக்குத் தூது புறப்படுவதற்கு முன்பே, 1792 செப்டம்பர் 14 தேதியிட்டு, அவருக்கு அங்கே கிடைக்கப்போகிற வரவேற்பைக் கில்ரே வரைந்துவிட்டார். சக்கரவர்த்தி திண்டில் சாய்ந்து புகைவிடுகிறார். மெக்கார்ட்னி மண்டியிட, கூட வந்தவர்கள் தரையில் கவிழ்ந்து கிடக்கிறார்கள். கொண்டுபோன பரிசுகளோ குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள் மாதிரி. நிஜச் சந்திப்பு நடந்தது 1793 செப்டம்பர் 14. சரியாக ஒரு வருஷம் கழித்து! சீனர்கள் உபசாரம் தெரியாதவர்கள் என்ற தீர்ப்பை, பந்தி விரிப்பதற்கு முன்பே எழுதியாயிற்று.

மைசூர்க் கதை பிறகு மாறியது. 1792இல் காரன்வாலிஸ் திரும்பி வந்து பாதி ராஜ்யத்தையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கு வாக்கையும், பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டார். கேலிக்காரர்கள் ஒதுங்க, ராபர்ட் ஹோம் போன்ற ஓவியர்கள் தைலவண்ணத்தோடு வந்தார்கள். அந்தப் படங்களில் காரன்வாலிஸ், சுமார் பத்து வயதும் எட்டு வயதுமான சிறுவர்களைச் சொந்தப் பிள்ளைகள்போல் கைப்பிடித்து வரவேற்கிறார். இதைப் பார்த்து லண்டனில் யாரும் சிரிக்கவில்லை. மதராஸில் அந்த உபசாரம் 1794 வரை நீண்டது. அப்புறம்தான் பிள்ளைகளைத் தகப்பனிடம் விட்டார்கள்.