பாம்பன் பாலம் திறக்கும் பணி

பாலம் என்பது அசையாது நிற்பதற்கென்றே கட்டப்படுவது. அசையும் பாலம் என்றால், அது குறைபாடுடைய பாலம் என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், அசைவதற்கென்றே அமைக்கப்பட்ட பாலங்களும் உலகில் உண்டு. கப்பலுக்கும் வழிவிட வேண்டும், வண்டிக்கும் வழிவிட வேண்டும் என்ற இரட்டைக் கடமையை ஏற்றவை அவை. தமிழ் மக்களுக்கு மிக அணித்தாயுள்ளது பாம்பன் பாலம். தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்தில் சென்னை சென்ற பழந்தலைமுறையினர் யாவரும் அதனைக் கடந்தே சென்றனர்.

இராமேசுவரத் தீவைத் தமிழ்நாட்டின் பெருநிலத்தோடு இணைக்கும் அப்பாலம் 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் மைல், கண்கள் பல. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் திறக்கும் கண். ஷேர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறையில் அமைந்தமையால் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அக்கண் இரு சிறகுகளாய்ப் பகுக்கப்பட்டிருந்தது. இரண்டும் நடுவே சந்தித்தால் புகையிரதப் பாதை. பிரிந்து வானோக்கி எழுந்தால் கப்பற்பாதை.

ஒவ்வொரு சிறகின் நிறையும் 400 தொன்னுக்கு மேற்பட்டது என்பர். அத்துணைப் பெரிய இரும்பை, நீராவியோ மின்சாரமோ இன்றி, மனிதர் கைகளால் நெம்புகோல் கொண்டு எழுப்பியது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்து நீர் இறைத்ததைக் கண்டோருக்கு இதன் விடை எளிதிற் புலப்படும். பட்டையிலுள்ள நீரின் பாரத்தைத் துலாவின் மறுமுனைப் பாரம் ஈடுசெய்கின்றது. அவ்வாறே பாலச் சிறகின் அடிப்புறத்திலும் பெரும் எதிர்ப்பாரம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. இரு பாரமும் சமநிலையில் நிற்க, உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் வெல்வதற்கு வேண்டிய விசையே மனிதர் கொடுக்கவேண்டியதாயிற்று.

ஷேர்சர் முறையில் வேறொரு நுட்பமும் உண்டு. சிறகின் அடி, வட்டத்தின் ஒரு கூறுபோல் வளைந்திருக்கும். அது ஆடும் நாற்காலியின் கால் போலத் தன் தடத்தின்மேல் பின்னோக்கி உருளும். ஆகவே சிறகு மேலெழுவதோடு பின்வாங்கவும் செய்யும். கப்பலுக்குக் கிடைக்கும் இடைவெளியும் அதிகமாகும்.

இனி, அப்பாலம் அக்காலத்தில் திறக்கப்பட்ட முறையை நோக்குவோம். கப்பல் வந்தவுடன் பாலம் திறந்துவிட்டதில்லை. அது பாலத்துக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். துறைமுக அலுவலரும் புகையிரத அலுவலரும் கலந்து, வண்டி வாராத வேளையொன்றைக் குறிப்பர். முதலிற் பாலத்தின் இருமருங்கும் சிவப்புக் கைகாட்டி காட்டப்படவேண்டும். பின்னரே தண்டவாள இணைப்புகளும், சிறகுகளைப் பிணைத்த பூட்டுகளும் கழற்றப்படும். அதன்பின் இரு கரைப்பக்கத்திலும் நிற்கும் ஆட்கள் ஒரே சீராக நெம்புகோல்களை இயக்குவர். பற்சக்கரங்கள் மெல்லச் சுழல, சிறகுகள் விரலளவு விரலளவாய் உயரும்.

கப்பல் நுழையும் நேரமே மிகக் கவனத்துக்குரியது. அக்கால்வாய் ஒடுங்கியது, நீரோட்டமோ வலியது, பருவக்காற்றுக்கேற்பத் திசை மாறுவது. வழிகாட்டி ஒருவரின் துணையுடன் கப்பல் ஊர்ந்து செல்லும். கடந்ததும் சிறகுகள் தாழ்த்தப்படும். திறப்பதினும் மூடுவதே அரிது எனலாம். இரு சிறகின் தண்டவாளங்களும் பிசகின்றிச் சேரவேண்டும். பூட்டு முற்றாக விழவேண்டும். அது உறுதிசெய்யப்பட்ட பின்னரே வண்டிக்குக் கைகாட்டி இறங்கும். ஒருவர் அவசரப்பட்டால் ஒரு வண்டிப் பயணிகளின் உயிருக்கே இடர் நேரும்.

திறவாத நாளிலும் இப்பணி ஓய்ந்ததில்லை. உப்புக் காற்று இரும்பை இரவும் பகலும் அரிக்கும். துருவைச் சுரண்டல், வர்ணம் பூசல், பற்சக்கரங்களுக்கு எண்ணெயிடல் ஆகியவை முடிவற்ற வேலைகள். காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் இருந்தது. வரம்பு மீறிக் காற்று வீசினால் வண்டி நிறுத்தப்படும்.

அவ்வெச்சரிக்கையின் பொருளை உலகு உணர்ந்த நாள் ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்நகரை அணுகிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களும் அலையில் வீழ்ந்தன. எஞ்சி நின்றவற்றுள் அத்திறக்கும் கண்ணும் ஒன்று. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியியலாளரின் பொறுப்பில், கடலடியிற் கிடந்த உத்தரங்கள் தேடி மீட்கப்பட்டு, 46 நாளிற் பாலம் மீண்டும் வண்டி தாங்கிற்று. ஆயினும் தனுஷ்கோடிக்கான பாதை மீளவில்லை.

நூற்றாண்டு கடந்து உழைத்த பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசெம்பரிற் புகையிரதப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் நடுக்கண் 72.5 மீற்றர் நீளமுடையது. இரண்டாகப் பிரியாமல், இரு கோபுரங்களுக்கிடையே முழுமையாக 17 மீற்றர் மேலெழுவது. அங்கே இயக்குவது மின்பொறி. நெம்புகோல் பிடித்த கைகளுக்கு வேலையில்லை. ஆனால் எதிர்ப்பாரம் அங்கும் உண்டு. வண்டி இல்லை என்று உறுதிசெய்தல், பூட்டு விழுந்ததா என்று பார்த்தல், காற்றை மதித்தல் ஆகிய மூன்றும் அங்கும் உண்டு.

பாலத்தைத் திறப்பவரின் பெயரைக் கப்பலில் செல்வோரும் அறியார். வண்டியில் செல்வோரும் அறியார். இரு சாராரும் தத்தம் வழியே இடரின்றிச் சென்றுவிட்டனர் என்பதே அவர் பணி செவ்வனே நிறைவேறியதற்குச் சான்று.