பாலைவனத்து வெள்ளாமையும் நம் கடைச் சீரகமும்



ரசத்துக்கும் கை மருந்துக்கும் நாம் தினமும் எடை போட்டுக் கொடுக்கும் சீரகம் எங்கே விளைகிறது? மிளகாயும் மல்லியும் மஞ்சளும் தமிழ்நாட்டிலேயே பயிராகின்றன. சீரகமோ ஏறக்குறைய முழுவதும் குஜராத், ராஜஸ்தான் ஆகிய இரு மாநிலங்களிலிருந்தே வருகிறது. இதில் ராஜஸ்தானின் ஜோத்பூர், பார்மர், ஜாலோர், நாகௌர் மாவட்டங்கள் தார் பாலைவனத்தையும் அதன் ஓரத்தையும் சேர்ந்தவை.

நம் திருவண்ணாமலைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பார்மரில் 300 பெய்தாலே பெரிது. அந்த மண்ணில் வெள்ளாமை எப்படி என்று கேட்கலாம். சீரகத்துக்குக் குளிரும் வறண்ட காற்றும் வேண்டும். தண்ணீர் கொஞ்சம் போதும். நவம்பரில் விதைத்து, சில தடவை மட்டும் நீர் பாய்ச்சி, பிப்ரவரி, மார்ச்சில் அறுத்துவிடுகிறார்கள். 2008-ல் ஜாலோர், பார்மர் பகுதிக்கு நர்மதைக் கால்வாய் நீர் வந்தது. அந்தப் பாசனத்தில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச முடியாது. தெளிப்பு நீர், சொட்டு நீர் முறை கட்டாயம். கல்லாக் காசை நாம் எண்ணிச் செலவிடுவது போல அங்கே தண்ணீரை எண்ணிச் செலவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயிருக்கு மழையே எதிரி. பூக்கும் நேரத்தில் வானம் மூடித் தூறல் விழுந்தால் கருகல் நோய் வந்துவிடும். 2023 மார்ச்சில், அறுவடைச் சமயத்தில் பருவம் தப்பிய மழை பெய்தது. கையிருப்பும் குறைவாக இருந்ததால் அவ்வாண்டின் நடுவில் விலை குவிண்டாலுக்கு 60,000 ரூபாயைத் தாண்டியது. விலையைக் கண்ட விவசாயிகள் அடுத்த பருவத்தில் கூடுதல் நிலத்தில் விதைத்தார்கள். 2024-ல் புது வரத்து வந்தபோது விலை பாதிக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையில் மூட்டைகளை வாங்கி அடுக்கிய சிறு கடைக்காரருக்கு லாபம் போகட்டும், முதலே கரைந்தது.

ஆகவே நம் உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை. கார்த்திகை தீப வியாபாரத்தில் நாம் மூழ்கியிருக்கும் நாட்களில்தான் அங்கே விதைப்பு. அப்போதே விதைப்பு கூடுதலா, குறைவா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். தை, மாசியில் ராஜஸ்தான் வானிலையைப் பத்திரிகையில் பாருங்கள். பங்குனியில் குஜராத்தின் உஞ்சா சந்தைக்கு வரத்து பெருகும்போது விலை நிதானமாக இருந்தால் இருப்பு வையுங்கள். விலை ஏறிக்கொண்டே போகும் நாளில் வாரத் தேவைக்கு மட்டும் கொள்முதல் செய்யுங்கள். சிரியா, துருக்கி நாடுகளிலும் சீரகம் ஆண்டின் நடுவில் அறுவடையாகிறது. அங்கே விளைச்சல் நன்றாக இருந்தால் நம் ஏற்றுமதி குறைந்து உள்ளூர் விலை இறங்கும்.

ஐம்பது கிராம் பொட்டலம் வாங்கும் வாடிக்கையாளரிடம் ஏற்றத்தையெல்லாம் சுமத்த முடியாது. சரக்கு விளையும் இடத்தின் பருவத்தை அறிந்து வாங்குவதே நமக்கும் அவருக்கும் நல்லது.