பொது வழியில் மிதிவண்டியாளர் ஒழுக்கம்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, எங்களூர் ஏரிக்கரை வழியே யான் மிதிவண்டியில் விரைந்து சென்றேன். முன்னே முதியவர் ஒருவர் கோலூன்றி நடந்துகொண்டிருந்தார். மும்முறை மணியடித்தும் அவர் விலகவில்லை. சினங்கொண்டு அவரை ஒட்டிக் கடந்தேன். அவர் திடுக்கிட்டுத் தள்ளாடிக் கரையோரத்துப் பனையைப் பற்றிக்கொண்டார். இறங்கிச் சென்று உசாவிய பின்னரே, அவர்க்குச் செவி கேளாது என்பதை அறிந்தேன். அன்றுதொட்டு இப்பொருளைக் குறித்துச் சிந்திக்கலானேன்.

நடப்போரும் மிதிவண்டி ஊர்வோரும் ஒருங்கே செல்லும் பாதைகள் பல நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரினின்று பாத் நகர்வரை செல்லும் பாதை அவற்றுள் ஒன்று. கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடம் ஒன்று 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாகச் செப்பனிடப்பட்டு, ஏறத்தாழ 13 மைல் நீளமுள்ள இப்பொதுவழியாயிற்று. இத்தகைய வழிகளில் மோட்டார் வண்டிகளின் அச்சம் இல்லை. ஆயின், வண்டிக்கு அஞ்சி இங்கு வந்த பாதசாரிக்கு மிதிவண்டியே அச்சமாதல் தகுமோ?

இதுபற்றி அந்நாட்டார் வகுத்த விதிகள் அறியத்தக்கன. 1888ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மிதிவண்டியில் வருவோர் பிறரைக் கடக்குமுன் மணியொலியாலேனும் வேறு வகையாலேனும் அறிவித்தல் வேண்டும் என விதித்தது. 1930இல் அவ்விதி நீக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரை செல்லும் வழிகளில் மிதிவண்டியை அனுமதித்தது. எனினும், நடப்போர்க்கும் குதிரையேறி வருவோர்க்கும் வழிவிடுதல் மிதிவண்டியாளர் கடமை என்றது. 2022இல் திருத்தப்பெற்ற சாலை விதித்தொகுப்போ, பிறர்க்கு மிகுந்த தீங்கு விளைக்க வல்லவரே அவர்க்கு நேரும் இடரைக் குறைக்கும் பொறுப்பினை மிகுதியும் உடையர் எனக் கூறுகின்றது. விரைவுடையோன் பொறுமையும் உடையனாதல் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

இதன் காரணத்தைச் சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் வருவோன், 5 கிலோமீட்டர் விரைவில் நடப்போனை நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வீதம் நெருங்குகின்றான். 20 மீட்டர் தொலைவில் மணியடித்தால், நடப்போர்க்கு ஐந்து நொடி கிடைக்கும். 5 மீட்டரில் அடித்தால் ஒரு நொடியே எஞ்சும். அவ்வொரு நொடியில் எப்பக்கம் ஒதுங்குவதெனத் தெளிதல் அரிது. மேலும், விரைவு இருமடங்காயின், தடைக்கட்டையை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்மடங்காகும்.

ஆதலின், மிதிவண்டியாளர் கைக்கொள்ளத்தக்க ஒழுக்கங்கள் சில உள. தொலைவிலேயே ஒருமுறை மெல்ல மணியடித்து, விரைவைக் குறைத்தல் வேண்டும். விலகாதாரைச் சினத்தல் ஆகாது. அவர் செவிப்புலனோ கட்புலனோ இல்லாதவராயிருத்தல் கூடும். குழந்தையும் நாயும் எப்பக்கம் ஓடுமென முன்னறிதல் இயலாது. அவற்றினருகே நடைவேகமே தகும். குதிரையின் பின்னே திடீரென மணியடித்தால் அது வெருளும். ஆதலின் ஏறியிருப்பாரைக் குரலால் அழைத்து, அவர் விடையறிந்து, அகன்று கடத்தல் நன்று. ஒடுங்கிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதலும், நிற்குங்கால் வழியைவிட்டு ஒதுங்கி நிற்றலும், இரவில் விளக்கொளி எதிர்வருவார் கண்ணைக் கூசச் செய்யாதவாறு தாழ்த்தி வைத்தலும் வேண்டப்படுவன.

மணி என்பது 'விலகு' என்னும் கட்டளையன்று. 'யான் வருகின்றேன்' என்னும் அறிவிப்பே. அதைக் கேட்டு விலகுதல் பிறர் செய்யும் உதவி. அதற்கு நன்றி கூறல் நம் கடன்.

பின்னரும் அம்முதியவரை அவ்வேரிக்கரையிற் கண்டேன். இம்முறை மணியடித்திலேன், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவர் கண்ணிற்படுமாறு அகன்று நடந்தேன். அவர் என்னை நோக்கி முறுவலித்துத் தலையசைத்தார். அதனால் எனக்கு இழப்பாயது அரை நிமிடமே. மாணவ நண்பர்களே, நம் கல்லூரி மரநிழற் சாலையிலும் அவ்வரை நிமிடத்தை ஈய நாம் தயங்கலாமோ?