தேன் பீப்பாய் போர்பன்

தேன் பீப்பாய் போர்பன் என்பது, முதிர்ந்த போர்பன் விஸ்கியை, முன்பு தேன் நிரப்பி வைக்கப்பட்டிருந்த பீப்பாயில் மேலும் சில வாரங்களோ மாதங்களோ வைத்திருந்து எடுக்கும் அமெரிக்க மது வகையாகும். விஸ்கியில் நேரடியாகத் தேன் கலந்து செய்யும் இனிப்பு மதுக்களோடு இதை ஒன்றாக எண்ணுவது பலரும் செய்யும் பிழை. இரண்டின் செய்முறையும் வேறு, சுவையும் வேறு. இவற்றை ஒப்பிடுபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் உணரும் இனிப்பு மணத்தால் வந்ததா, கரைந்திருக்கும் சர்க்கரையால் வந்ததா?

போர்பனின் இலக்கணம்

அமெரிக்கச் சட்டப்படி, போர்பனுக்கான தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். எஞ்சிய பங்கு பெரும்பாலும் ரை அல்லது கோதுமையும், முளைகட்டிய பார்லியும் ஆகும். காய்ச்சி வடிக்கும்போது சாராயச் செறிவு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேலும், புட்டியில் அடைக்கும்போது 40 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்கக் கூடாது. உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் அதை வைக்க வேண்டும். நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தனிப்பொருளாக அறிவித்தது.

போர்பனில் இயல்பாகவே வெனிலா மணமும், கருகிய சர்க்கரையை நினைவூட்டும் மணமும் உண்டு. மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து வெனிலினைத் தருகிறது. மரத்தின் சர்க்கரைகள் கருகி இரண்டாவது மணத்தைத் தருகின்றன. ஆகவே, தேனே படாத போர்பனும் ஓரளவு இனிப்பாகத் தோன்றும். ஒப்பீட்டில் இதை மறக்கக் கூடாது.

பீப்பாய் தேன் ஏற்கும் விதம்

போர்பனுக்குப் புதிய பீப்பாய் கட்டாயம் என்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஏராளமாக மிஞ்சுகின்றன. அவற்றில் சில தேனீ வளர்ப்போரிடம் செல்கின்றன. வழக்கமான பீப்பாயின் கொள்ளளவு ஏறத்தாழ 200 லிட்டர். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடையுள்ளது. எனவே ஒரு பீப்பாய் நிறைய ஏறத்தாழ 280 கிலோ தேன் பிடிக்கும்.

காலியான பீப்பாயின் மரத்துக்குள் இன்னும் போர்பன் ஊறியிருக்கும். தேனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரையும், 17 முதல் 18 விழுக்காடு நீரும் உள்ளன. ஈரத்தை ஈர்க்கும் இயல்புடைய தேன், மரத்திலுள்ள போர்பனின் மணத்தை ஏற்றுக்கொள்கிறது. அதே வேளையில் தேனும் பலகையின் துளைகளிலும் இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கிறது. தேனை வடித்துவிட்டு அதே பீப்பாயை வடிசாலைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதில் மீண்டும் ஊற்றப்படும் போர்பன், ஒட்டியிருக்கும் தேனைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பீப்பாயை எவ்வளவு நன்றாக வடித்தார்கள் என்பதைப் பொறுத்து இனிப்பு கூடும், குறையும். ஒரே நிறுவனத்தின் இரண்டு புட்டிகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்ச்சீட்டில் கவனிக்க வேண்டியவை

தேன் பீப்பாயில் வைத்த போர்பனை வெறும் போர்பன் என்று மட்டும் குறிப்பிட்டு விற்க முடியாது. தேன் பீப்பாயில் முடிக்கப்பட்டது என்பதையும் பெயர்ச்சீட்டில் தெரிவிக்க வேண்டும். கடைகளில் காணும் தேன் சார்ந்த மதுக்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தேன் பீப்பாயில் முடித்தவை: டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள நெல்சன்ஸ் கிரீன் பிரையர் வடிசாலை வெளியிட்ட பெல் மீட் தேன் பீப்பாய் போர்பன் இவ்வகை. அதற்கான பீப்பாய்களில் அதே மாநிலத்தின் ட்ரூபீ நிறுவனத் தேன் வைக்கப்பட்டிருந்தது.

2. தேனில் ஊறிய மரத்துண்டுகள் இட்டவை: டெக்சாஸ் மாநிலத்தின் கேரிசன் பிரதர்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஹனிடியூ இவ்வகை. பீப்பாய் மரத்தைச் சிறு கட்டைகளாக நறுக்கி, தேனில் ஊறவைத்து, பிறகு போர்பனில் இடுகிறார்கள்.

3. தேன் கலந்த இனிப்பு மதுக்கள்: 2011இல் அறிமுகமான ஜாக் டேனியல்ஸ் டென்னசி ஹனி இவ்வகை. இதன் சாராயச் செறிவு 35 விழுக்காடு. விஸ்கிக்குரிய 40 விழுக்காட்டு வரம்பைவிட இது குறைவு.

சுவைத்து ஒப்பிடும் முறை

குறைந்தது மூன்று மாதிரிகள் தேவை: தேன் பீப்பாய் போர்பன், அதே வடிசாலையின் சாதாரண போர்பன், தேன் கலந்த இனிப்பு மது ஒன்று. சாதாரண போர்பன் உடன் இல்லாவிட்டால், தேன் பீப்பாய் என்ன மாற்றம் செய்தது என்று சொல்ல இயலாது. வாய்ப்பகுதி குறுகிய கண்ணாடிக் குவளைகளில் 15 மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, இன்னொருவரைக் கொண்டு எண் இடச் செய்ய வேண்டும். எது எதுவென்று தெரிந்தால், தேன் என்ற சொல்லே நாக்கை ஏமாற்றிவிடும்.

முதலில் வாயைச் சற்றுத் திறந்தபடி முகர வேண்டும். மலர், மெழுகு, வெனிலா என எந்த மணம் முந்துகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அடுத்து, மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு ஒரு சிறு மிடறு சுவைக்க வேண்டும். மூக்கு மூடியிருக்கும்போது மணம் எட்டாது. நாக்கின் சுவை மட்டுமே தெரியும். அப்போதும் தெளிவான இனிப்பு நின்றால் அது கரைந்த சர்க்கரை. மூக்கைத் திறந்த பிறகே இனிப்புத் தோன்றினால் அது பெரும்பாலும் மணத்தின் வேலை. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் உலரவிட்டுத் தொட்டால், சர்க்கரை மிகுந்தது விரலில் பிசுபிசுக்கும்.

சர்க்கரை கரைந்திருப்பது அளவியலுக்கும் சிக்கல் தரும். அது நீர்மத்தின் அடர்த்தியைக் கூட்டுவதால், திரவமானி சாராயச் செறிவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் ஆய்வகத்தில் மாதிரியை மீண்டும் வடித்த பிறகே செறிவை அளப்பார்கள். நாக்குக்கும் இதே ஏமாற்றம் நேரும். இனிப்பு எரிச்சலை மறைப்பதால், 50 விழுக்காட்டு மதுவும் மென்மையானதாகத் தோன்றி, அளவு மீறிக் குடிக்க வைக்கும். எனவேதான் தொழில்முறைச் சுவைஞர்கள் விழுங்காமல் உமிழ்ந்துவிடுகிறார்கள். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும், அமெரிக்காவில் 21 வயது நிரம்பியோர் மட்டுமே அதை வாங்க முடியும் என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கவை.

தரத்தை எடைபோடுதல்

நன்கு அமைந்த தேன் பீப்பாய் போர்பனில், தேனுக்கு அடியில் மக்காச்சோளமும் ஓக் மரமும் தெரிய வேண்டும். விழுங்கியபின் அல்லது உமிழ்ந்தபின் தேன் மணம் மெல்ல மறைந்து, மரத்தின் இலேசான துவர்ப்பு மிஞ்ச வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இனிப்பு மட்டுமே நின்றால், சுவைப்பவருக்குக் கிடைப்பது தேனின் சுவையே தவிர போர்பனின் சுவை அன்று.