தாயில்லாக் குடும்பத்தின் தகப்பன்

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரஸ்தாவையும் ரயில் பாதையையும் அடுத்துள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றால் திருவள்ளூர் ஜில்லாவுக்குச் செல்வம் சேர்கிறதென்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தினக்கூலிக்கு உழைக்கும் ஒருவனுடைய மனைவி இறந்துபோனால், அல்லது பிரிந்து சென்றுவிட்டால், சிறு குழந்தைகளோடு அவன் எங்கே குடியிருப்பது, யாரிடம் உதவி கேட்பது என்ற கேள்விக்கு நமது சர்க்கார் திட்டங்களில் நேரான விடை இல்லை. இக்குறையைப் பொதுஜனங்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது நம் கடமையாகும்.

கணவனை இழந்தவளைக் குறிக்க நம் பேச்சில் சொற்கள் பல உண்டு. மனைவியை இழந்தவனுக்கோ வழக்கில் ஒரு சொல்லும் இல்லை. தொல்காப்பியம் கூறும் ‘தபுதார நிலை’ புலவர்களின் ஏட்டோடு நின்றுவிட்டது. பேச்சில் இல்லாதவன் சர்க்கார் தஸ்தாவேஜிலும் இல்லாமற் போனான்.

முதலில் பண உதவியைப் பார்ப்போம். 2023-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ.1,000 தருவதற்காக ஏற்பட்டது. தலைவியே இல்லாத வீட்டுக்கு அதில் வழியில்லை. ஆதரவற்ற விதவைகளின் ஓய்வூதியம் அதே வருஷத்தில் ரூ.1,200 ஆக உயர்ந்தது. மனைவியை இழந்தான் என்ற காரணத்துக்காக ஆண்மகனுக்கு அத்தகைய ஓய்வூதியம் இல்லை. மத்திய சர்க்காரின் ‘மிஷன் வாத்ஸல்யா’ திட்டத்தின் 2022-ம் வருஷத்து விதிகள், வறிய குடும்பத்துக் குழந்தைக்கு மாதம் ரூ.4,000 கொடுக்க இடமளித்தன. தாய் விதவையாகவோ, விவாகரத்தானவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ இருந்தால் போதும் என்று அவை கூறின. தாயே இறந்துவிட்டால்? தகப்பன் கொடிய நோயாளியாகவோ உழைக்க இயலாதவனாகவோ இருந்தால்தான் வழி திறக்கும். உழைக்கும் தகப்பன் தன் உழைப்பினாலேயே உதவியை இழக்கிறான்!

வீட்டு விஷயமும் இப்படியே. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம் ரூ.3½ லட்சம் செலவில் 360 சதுர அடி வீடு கட்ட உதவ முன்வந்தது. ஆனால் விண்ணப்பிப்பவனுக்குச் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். ஆலை வாசலருகே வாடகை அறையில் ஒண்டுகிறவனுக்குப் பட்டா ஏது? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தனி ஆண்களுக்கோ ஆலையைச் சுற்றிலும் பொது அறைகள் இருக்கின்றன. குழந்தையைக் கையில் பிடித்த ஆண் இவ்விரண்டிலும் சேராதவன்.

பெண்களுக்குக் கிடைத்திருப்பதில் ஒரு காசைக்கூடக் குறைக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக வஞ்சிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த சிறு நியாயம் அது. நாம் கேட்பது குழந்தைக்காக. நமது அரசியல் சாஸனத்தின் 15(3)-ம் ஷரத்து பெண்களுக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடுகள் செய்ய அனுமதிக்கிறது. 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் குழந்தையின் பசியைத்தான் பார்த்தது. அதை வளர்ப்பவர் ஆணா பெண்ணா என்று விசாரிக்கவில்லை. கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளுக்கு ரூ.3 லட்சம் என்று 2021-ல் அறிவித்தபோதும், இறந்தவர் தாயா தகப்பனா என்று பேதம் பார்க்கவில்லை. அந்நீதி கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டுந்தானா?

வெளியிலும் வழிகாட்டிகள் உண்டு. அமெரிக்காவில் 1972-ல் பிரசவத்தில் மனைவியை இழந்த ஸ்டீபன் வீசன்பெல்ட் என்பவர், விதவைத் தாய்க்குக் கிடைக்கும் சகாயம் தமக்கும் வேண்டுமென்று வழக்காடினார். அவருக்காக வாதித்தவர் பெண்ணுரிமைக்குப் பெயர்போன ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார். 1975-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலேயே ஹரியானா சர்க்கார் 2023-ல், 40 வயது கடந்து, வருஷ வருமானம் ரூ.3 லட்சத்துக்கு உட்பட்ட, மனைவியை இழந்தவர்களுக்கு மாதம் ரூ.2,750 அறிவித்தது.

“ஆண்பிள்ளை கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடுவான்” என்பர் சிலர். அப்படியானால் குழந்தையின் பெயரில் கணக்குத் திறந்து, பள்ளி வருகையைப் பார்த்துத் தொகையைச் செலுத்தலாமே! “மறுமணம் செய்துகொள்ளட்டும்” என்பர் வேறு சிலர். குழந்தை பார்க்க ஆளில்லை என்பதற்காக ஒரு பெண்ணைத் தேடுவது அப்பெண்ணுக்கும் நியாயமன்று, குழந்தைக்கும் நன்றன்று.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. ‘தாய் விதவை’ என்றுள்ள விதியைப் ‘பெற்றோரில் ஒருவர் மட்டும் உள்ள வறிய குடும்பம்’ என்று திருத்தவேண்டும். வயதுவந்த பெண் இல்லாத ஏழைக் குடும்பத்தில், குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை உரிமைத் தொகையை அதை வளர்ப்பவரிடம் கொடுக்கவேண்டும். கும்மிடிப்பூண்டியில் தொழிலாளருக்குக் கட்டும் வாடகைக் குடியிருப்புகளில் ஒரு பகுதியை இத்தகைய குடும்பங்களுக்கு ஒதுக்கி, ஆலையின் முறை நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகமும் அமைக்கவேண்டும்.

சட்டம் திருந்தும்வரை ஊழியர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுத் திட்ட விதிகள், வயதுவந்த பெண் இல்லாத குடும்பத்தில் ஆண் பெயரிலேயே வீடு பதிவாக இடங்கொடுத்தன. இது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? தொழிற்சங்கத் தோழர்கள் ஆலைதோறும் இத்தகைய தகப்பன்மாரைக் கண்டறிந்து, மனு எழுதிக்கொடுத்து, திருவள்ளூர் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுக்கும் உடன் சென்று வரவேண்டும். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். அக்காகிதங்களே நாளைச் சட்டசபையில் பேசும் சான்றுகளாகும். கேளாதவனுக்குச் சர்க்கார் கதவு தானே திறப்பதில்லை.