செல்போனுக்குள் ஆயிரம் பீங்கான் துண்டுகள்

புது செல்போன் ஒன்று சந்தைக்கு வந்தால் நாளிதழிலும் யூடியூபிலும் வரும் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. கேமரா எத்தனை மெகாபிக்ஸல், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எந்த நிறத்தில் கிடைக்கும், விலை என்ன. தமிழ்நாட்டில் பொருத்தப்பட்ட போன் என்றால் அதையும் பெருமையோடு ஒரு வரி சேர்ப்பார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். 2024-25ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி சுமார் 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது 41 விழுக்காடு.

ஆனால் அந்த போனைப் பிரித்து உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் செய்தியில் வராத ஒன்று தெரியும். கறுப்பு சிப்புகளைச் சுற்றிலும், பழுப்பு உடலும் இரு முனையில் வெள்ளிப் பூச்சுமாக, ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாத துண்டுகள் நெருக்கமாக ஒட்டப்பட்டிருக்கும். அத்தனையும் பீங்கான். சூளையில் சுட்ட, கீழே விழுந்தால் விரிசல் விடுகிற பீங்கான். ஒரு ஸ்மார்ட்போனில் இவை ஏறத்தாழ 1,000 இருக்கின்றன. மின்சாரக் காரில் 10,000 அளவுக்குப் போகும்.

இதை விருத்தாசலத்தில் உட்கார்ந்து யோசித்தால் மனசு ஆறவில்லை. தமிழ்நாட்டில் பீங்கான் என்றால் நினைவுக்கு வரும் ஊர் இது. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வரும். அந்த மண்ணை நம்பி விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது, செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு டிப்ளமோ கல்வி நிறுவனம் வந்தது. ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு என்று பல வகைப் பொருள்கள் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியூர் போயிருக்கின்றன. பழைய வீடுகளின் மீட்டர் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படும் வெள்ளை ஃபியூஸ் கட்டை விருத்தாசலத்தில் சுட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்தக் கட்டைக்குத்தான் இப்போது நெருக்கடி. புது வீடு கட்டுகிற எவரும் இன்று ஃபியூஸ் கட்டை கேட்பதில்லை, தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் போடுகிறார்கள். கம்பி எரிந்தால் புதுக் கம்பி சுற்றுகிற வேலை போய், 'டிரிப் ஆயிடுச்சு, தூக்கி விடு' என்பதோடு முடிகிறது. பாதுகாப்புக்கு எம்.சி.பி.தான் நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் பீங்கானுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. பீங்கான் மீட்டர் பெட்டியை விட்டு, செல்போனுக்குள்ளும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டுக்குள்ளும் குடியேறியிருக்கிறது. அளவு சிறுத்து, எண்ணிக்கை பெருத்து, மதிப்பும் கூடியிருக்கிறது.

அந்தப் பழுப்புத் துண்டுகளின் பெயர் பல்லடுக்கு பீங்கான் கெப்பாசிட்டர். வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் 'கண்டன்சர் போயிடுச்சு' என்று சொல்லி மாற்றுவாரே, அதே இனம். செய்யும் விதமும் அளவும் வேறு. போனுக்குள் இதன் முக்கிய வேலை சிப்புக்குச் சீரான மின்சாரம் கொடுப்பது. சிப் ஒரு நொடியில் பல கோடி முறை மின்சாரத்தை இழுக்கும், விடும். பேட்டரியிலிருந்து அவ்வளவு வேகத்தில் வந்து சேராது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் தந்து, பிறகு நிதானமாக மோட்டாரால் நிரம்புவது மாதிரி, கெப்பாசிட்டர் சிப்பின் பக்கத்திலேயே சிறிது மின்னூட்டத்தை வைத்திருந்து கேட்டவுடன் கொடுக்கும். இது சரியாக இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த சிப்பும் தடுமாறும்.

ஃபியூஸ் கட்டையின் பீங்கானும் இதுவும் ஒன்றா என்றால், உறவு உண்டு, ஒன்றல்ல. மின்பீங்கானுக்குக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் கலந்து 1,200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். அதன் கடமை மின்சாரத்தை ஓடவிடாமல் தடுப்பது மட்டும். கெப்பாசிட்டருக்கு பேரியம் டைட்டனேட் என்ற செயற்கைத் தூள். அதுவும் மின்சாரத்தை ஓடவிடாது. கூடவே மின்னூட்டத்தைத் தன்னிடம் தேக்கவும் உதவும். இந்தத் திறனை அளக்கும் எண் சாதாரண பீங்கானுக்கு 6 அளவில் இருக்கும், பேரியம் டைட்டனேட்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும்.

இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் வரை ரேடியோ கெப்பாசிட்டர்களுக்கு மைக்கா தகடு வேண்டும். உலகத்துக்கு மைக்கா கொடுத்த பெரிய நாடு இந்தியா. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாவும் ஆந்திரத்தின் கூடூரும் அதற்குப் பெயர் பெற்றவை. போர்க்காலத்தில் மைக்காவுக்குத் தட்டுப்பாடு வரவே மாற்றுப் பொருள் தேடினார்கள். 1940களில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேட்டின் குணம் தெரியவந்தது. தோண்டி எடுக்கும் கனிமத்தை நம்பியிருந்த தொழில், கலந்து சுடும் பீங்கானுக்கு மாறியது அப்போதுதான்.

இந்தக் கெப்பாசிட்டரின் செய்முறையைக் கேட்டால் செராமிக் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. தூளைத் திரவத்தில் கரைத்து ஸ்லிப் ஆக்குவார்கள். விருத்தாசலத்தில் அதேபோன்ற ஸ்லிப்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறார்கள். கெப்பாசிட்டர் ஆலையில், ஓடுகிற பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஸ்லிப்பை மெல்லிய நாடாவாகப் படரவிட்டுக் காயவைக்கிறார்கள். காய்ந்த நாடாவின் மேல் நிக்கல் மையால் மின்வாய்களை அச்சடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கி, அழுத்தி, சிறு துண்டுகளாக வெட்டிச் சூளையில் வைக்கிறார்கள். சுட்டதும் பொம்மை சுருங்குவதைப் போல இதுவும் சுருங்கும்; அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் அளவு போட வேண்டும். சிரமம் எல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. உயர்ந்த ரகங்களில் ஓர் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே. தூளின் துகள் அதைவிடப் பல மடங்கு சிறிதாக, சுத்தமாக இருக்க வேண்டும். நிக்கல் துருப்பிடிக்காதபடி சூளைக்குள் ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். காற்றில் ஒரு தூசி விழுந்தால் அடுக்கு ஓட்டையாகிவிடும்.

அதனால்தான் உலகில் சில நிறுவனங்களே இதை ஆள்கின்றன: ஜப்பானின் முராட்டா, டையோ யூடென், டி.டி.கே., தென்கொரியாவின் சாம்சங் எலெக்ட்ரோ-மெக்கானிக்ஸ் போன்றவை. இவற்றில் முராட்டாவே முதலிடம். 0.16 மில்லிமீட்டர் நீளமும் 0.08 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கெப்பாசிட்டரை 2024இல் அறிவித்ததும் அந்த நிறுவனம்தான். 2018இல் இந்தத் துண்டுகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது விலை பல மடங்கு ஏறியது, ஆர்டர் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தனியாக எடுத்தால் பைசாக் கணக்கில் விற்கும் ஒரு பொருள், அது இல்லாவிட்டால் பல ஆயிரம் ரூபாய் போன் கன்வேயரை விட்டு இறங்காது.

முராட்டா எங்கிருந்து வந்தது என்று விருத்தாசலத்துப் பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கியோட்டோ நகரம் பழைய பீங்கான் ஊர். அங்கே அகிரா முராட்டாவின் குடும்பம் நடத்தியது மின் இன்சுலேட்டர் செய்கிற சிறு பட்டறை. தொழிலைப் பெரிதாக்க நினைத்த இளைஞரிடம், அடுத்த பட்டறைக்காரரின் வாடிக்கையாளரைப் பறிக்காதே, வேறு யாரும் செய்யாததைச் செய் என்று தந்தை சொன்னதாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்கிறார்கள். 1944இல் அகிரா தனியாகத் தொழில் தொடங்கி டைட்டானியம் ஆக்சைடு கெப்பாசிட்டர் செய்தார். போர் முடிந்தபின் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுரோ தனகாவோடு சேர்ந்து பேரியம் டைட்டனேட் ஆராய்ச்சியில் இறங்கினார். அதே நகரத்தில் 1959இல் கசுவோ இனமோரி தொடங்கிய கியோட்டோ செராமிக்தான் இன்றைய கியோசெரா. அதன் முதல் பொருள், டி.வி. படக்குழாய்க்குள் வைக்கிற ஒரு சிறு இன்சுலேட்டர். 1966இல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு இரண்டரைக் கோடி அலுமினா தகடுகள் செய்யும் ஆர்டர் அதற்குக் கிடைத்தது.

இன்சுலேட்டர் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் ஊராகியிருக்கிறது. ஒரே தாவலில் நடந்த வேலை இல்லை இது. பட்டறையும் பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, புது ரேடியோவும் டி.வி.யும் செய்கிற தொழிற்சாலைகள் அவற்றிடம் வேலை கொடுத்தன. அந்த மூன்றில் விருத்தாசலத்துக்கு எது இல்லை? பட்டறை உண்டு. கல்வி நிறுவனம் உண்டு. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உலகுக்கே போன் பொருத்துகிற தொழிற்சாலைகள் உண்டு. இவை மூன்றும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டால்தான் காரியம் நடக்கும்.

பாகங்கள் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. 2006இல் அங்கே தொடங்கிய நோக்கியா ஆலை ஒரு காலத்தில் உலகின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று. வரித் தகராறும், நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனதும் சேர்ந்து 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பல ஆயிரம் இளைஞர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரே நேரத்தில் வேலை போனது. பொருத்துகிற வேலை எளிதில் இடம் மாறும். தூள், சூளை, பரிசோதனைக்கூடம், அனுபவம் என்று வேர் பிடித்த வேலை அவ்வளவு எளிதில் கிளம்பாது.

அரசுகள் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2025 மார்ச் 28 அன்று ஒன்றிய அமைச்சரவை மின்னணு பாகங்கள் உற்பத்தித் திட்டத்துக்கு 22,919 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது; போர்டில் ஒட்டுகிற கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வகைகளும் அதன் பட்டியலில் உண்டு. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் அதற்கு இணையாகத் தன் திட்டத்தை அறிவித்தது. அக்டோபரில் ஒன்றிய அரசு முதல் கட்டமாக ஒப்புதல் தந்த 7 திட்டங்களில் 5 தமிழ்நாட்டில் அமைபவை. இந்தச் செய்திகள் முதலீட்டுத் தொகை, வேலைவாய்ப்பு எண்ணிக்கை என்ற இரண்டு வரிகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எந்தப் பாகம், அதன் மூலப்பொருள் எங்கிருந்து வரும், அதைச் செய்யத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு எழுதினால்தானே விருத்தாசலத்துப் பையன் அந்தச் செய்தியில் தன்னைப் பார்ப்பான்? நவராத்திரிக்குப் பொம்மைப் படமும் கார்த்திகைக்கு அகல் விளக்குப் படமும் போட்டு, மீதி மாதங்களில் இந்த ஊரை மறந்துவிடுவது பத்திரிகைத் துறையின் குறை என்றே நினைக்கிறேன். பொம்மை செய்கிறவர்களின் உழைப்புக்கு அந்தப் படங்கள் மரியாதைதான். அவர்கள் கையில் இருக்கும் அறிவு பொம்மையோடு நிற்பதில்லை என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

இதில் வாசகருக்கு நேரடியாக உதவும் விஷயம் ஒன்றும் உண்டு. போன் கீழே விழுந்து, திரை உடையாமலேயே செத்துப்போனால், சில நேரங்களில் உள்ளே ஒரு பீங்கான் கெப்பாசிட்டர் விரிசல்விட்டு ஷார்ட் ஆகியிருக்கும். திறமையான மெக்கானிக் போர்டில் எந்த இடம் சூடாகிறது என்று பார்த்து அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து மாற்றிவிடுவார். முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்று யாராவது பெரிய தொகை சொன்னால், ஷார்ட் எங்கே என்று பார்த்தீர்களா எனக் கேட்பதில் தவறில்லை.

நாளைக்கே விருத்தாசலத்தில் முராட்டாவுக்குப் போட்டியாக ஆலை வரும் என்று சொன்னால் அது ஏமாற்று. அதற்கு வேண்டிய முதலும் தூய்மையும் பல ஆண்டு அனுபவமும் பெரிது. இடையில் படிகள் இருக்கின்றன. உலை வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளுக்கான அலுமினா குழாய், ஹீட்டர்களுக்கான ஸ்டீயடைட் மணிகள், பம்ப் சீல்களுக்கான பீங்கான் வளையம் என்று கண்ணுக்குத் தெரியாத சந்தை ஒன்று நம் தொழிற்சாலைகளுக்குள்ளேயே இருக்கிறது. திருச்சூரில் ஒன்றிய அரசின் மின்னணுப் பொருள்கள் ஆய்வு மையமான சி-மெட் இருக்கிறது. விருத்தாசலத்து டிப்ளமோ மாணவர்கள் அங்கே சில மாதம் பயிற்சி பெறுவது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. தூய அலுமினாவுக்கு 1,500 டிகிரிக்கு மேல் போகிற சூளை வேண்டும். தனி ஒரு பட்டறை அதை வாங்க முடியாது. தொழிற்பேட்டைக்குப் பொதுவாக அப்படி ஒரு சூளையும், தூளின் துகள் அளவையும் சுட்ட பொருளின் மின்தாங்குதிறனையும் சோதிக்க ஒரு கூடமும் அமைத்தால், ஃபியூஸ் கட்டைக்கு ஆர்டர் குறைந்த பட்டறைகள் வரிசையாக முறை வைத்து அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.